சாலைப் போக்குவரத்தில் எரிபொருள் தேவை

சாலைப் போக்குவரத்தில் எரிபொருள் தேவை என்பது மகிழுந்து, இருசக்கர வண்டி, பேருந்து, சரக்குந்து முதலிய சாலை ஊர்திகள் ஒரு குறிப்பிட்ட காலத்தில், குறிப்பிட்ட விலை நிலையில் நுகரும் பெட்ரோல், டீசல் முதலிய எரிபொருள்களின் அளவைக் குறிக்கும். இலங்கை வழக்கில் இது எரிபொருட் கேள்வி எனப்படும். விலை, வருமானம், ஊர்திகளின் திறன், நகரங்களின் அமைப்பு, பொதுப் போக்குவரத்து வசதி ஆகியன இத்தேவையைத் தீர்மானிக்கும் முதன்மைக் காரணிகள் ஆகும்.

ஆற்றல் பயன்பாட்டால் உலகில் வெளியாகும் கார்பன் டை ஆக்சைடில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு போக்குவரத்துத் துறையிலிருந்து வருகிறது. அதிலும் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு சாலை ஊர்திகளுடையது. எனவே இத்தேவை எதனால் கூடுகிறது, எதனால் குறைகிறது என்னும் கேள்வி பொருளியலாளர்களுக்கு மட்டும் உரியதாக இல்லாமல் காலநிலைக் கொள்கையின் மையக் கேள்விகளுள் ஒன்றாகவும் ஆகியுள்ளது.

இயல்பு

எரிபொருளை எவரும் அதற்காகவே விரும்பி வாங்குவதில்லை. வேலைக்குச் செல்லவும், சரக்கை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குக் கொண்டு செல்லவும் அது தேவைப்படுகிறது. இவ்வாறு வேறொன்றின் பொருட்டு எழும் தேவையைப் பொருளியலில் பெறப்பட்ட தேவை என்பர். மொத்த நுகர்வை மூன்று எண்களின் பெருக்கற்பலனாகக் கருதலாம்: ஊர்திகளின் எண்ணிக்கை, ஒவ்வொரு ஊர்தியும் ஓடும் தொலைவு, ஒரு கிலோமீட்டருக்குச் செலவாகும் எரிபொருள். இவை மூன்றும் ஒரே வேகத்தில் மாறுவதில்லை. ஓடும் தொலைவை ஒருவர் நாளையே குறைத்துக்கொள்ள முடியும். ஊர்தியின் திறன் மாற வேண்டுமாயின் பழைய ஊர்தி கழிக்கப்பட்டுப் புதியது வாங்கப்பட வேண்டும். அதற்குப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். வீட்டுக்கும் பணியிடத்துக்கும் இடையிலுள்ள தொலைவு மாற ஒரு தலைமுறையே ஆகலாம்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ 2.3 கிலோகிராம் கார்பன் டை ஆக்சைடும், ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறத்தாழ 2.7 கிலோகிராமும் வெளியாகின்றன. ஒரு லிட்டர் பெட்ரோலின் எடை ஏறத்தாழ முக்கால் கிலோகிராம் மட்டுமே என்பதால் இவ்வெண்கள் முதலில் வியப்பளிக்கக்கூடும். எரிபொருளில் உள்ள கார்பன் காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்வதே இந்த எடை மிகுதிக்குக் காரணம். ஊர்திப் புகையிலுள்ள துகள்களையும் நைட்ரசன் ஆக்சைடுகளையும் வடிகட்டிகளும் வினையூக்கிகளும் பெருமளவு குறைக்கின்றன. கார்பன் டை ஆக்சைடுக்கு அத்தகைய வடிகட்டி இல்லை. புதைபடிவ எரிபொருளைக் குறைவாக எரிப்பதைத் தவிர அதைக் குறைக்க வேறு வழி இல்லை. காலநிலைக் கொள்கையில் எரிபொருள் தேவை இத்துணை முக்கியத்துவம் பெறுவது இதனாலேயே.

விலை நெகிழ்ச்சி

விலை மாறும்போது நுகர்வு எந்த அளவுக்கு மாறுகிறது என்பதை விலை நெகிழ்ச்சி என்னும் எண்ணால் அளப்பர். விலை 10 விழுக்காடு உயரும்போது நுகர்வு 2.5 விழுக்காடு குறைந்தால் நெகிழ்ச்சி −0.25 ஆகும்.

1973 ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடியில் பண்படா எண்ணெயின் விலை சில மாதங்களில் ஏறத்தாழ நான்கு மடங்கானது. அதன் பின்னர் பல நாடுகளில் இந்த எண்ணைக் கணிக்கும் ஆய்வுகள் பெருகின. கரோல் டால், தாமசு இசுட்டெர்னர் ஆகியோர் 1991 இல் இவ்வாய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டனர். பில் குட்வின், ஜாய்சு டார்கே, மார்க் ஆன்லி ஆகியோர் 2004 இல் வெளியிட்ட மதிப்பாய்வும் பரவலாக மேற்கோள் காட்டப்படுவதாகும். அதன்படி விலை 10 விழுக்காடு உயர்ந்து அந்நிலையிலேயே நீடித்தால், ஓராண்டுக்குள் நுகர்வு ஏறத்தாழ 2.5 விழுக்காடும், நீண்ட காலத்தில் 6 விழுக்காட்டுக்கு மேலும் குறைகிறது. போக்குவரத்தின் அளவோ முதல் ஆண்டில் 1 விழுக்காடும், ஐந்தாண்டு அளவில் 3 விழுக்காடும் மட்டுமே குறைகிறது. மக்கள் பயணத்தைக் கைவிடுவதைவிட, அதே பயணத்தைக் குறைந்த எரிபொருளில் முடிப்பதற்கான வழிகளையே அதிகம் நாடுகின்றனர் என்பது இதன் பொருள்.

குறுங்கால எண்ணுக்கும் நீண்டகால எண்ணுக்கும் உள்ள இந்த இடைவெளி பொது விவாதங்களில் பெரும்பாலும் கவனிக்கப்படுவதில்லை. விலை ஏறிய மறுவாரமும் சாலைகளில் நெரிசல் குறையாததைக் கண்டு, எரிபொருள் வரியால் பயன் எதுவும் இல்லை என்று முடிவு கட்டுவது வழக்கம். அமெரிக்காவைப் பற்றி ஊசு, நிட்டெல், இசுப்பெர்லிங் ஆகிய மூவர் 2008 இல் வெளியிட்ட ஆய்வு இம்முடிவுக்கு வலுச் சேர்ப்பதுபோல் தோன்றும்: 1975–80 காலப்பகுதியில் −0.21 முதல் −0.34 வரை இருந்த குறுங்கால நெகிழ்ச்சி 2001–06 காலப்பகுதியில் −0.03 முதல் −0.08 வரை சுருங்கியிருந்தது. புறநகர் வாழ்க்கையும் மாற்றுப் போக்குவரத்து இன்மையும் இதற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. எனினும் இது குறுங்கால எண் மட்டுமே.

வருமானத்தின் தாக்கம் எதிர்த் திசையில் செயற்படுகிறது. நீண்டகால வருமான நெகிழ்ச்சி பல ஆய்வுகளில் 1 ஐ ஒட்டி அமைந்துள்ளது. அதாவது வருமானம் வளரும் அதே வீதத்தில் எரிபொருள் தேவையும் வளரும். வருமானம் ஆண்டுக்கு 6 விழுக்காடு வளரும் ஒரு நாட்டில், விலை நெகிழ்ச்சி −0.6 எனக் கொண்டால், நுகர்வை இருந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பதற்குப் பணவீக்கம் நீக்கிய எரிபொருள் விலை ஆண்டுதோறும் 10 விழுக்காடு உயர வேண்டும். வளரும் நாடுகளின் சிக்கல் முழுவதும் இந்த எளிய கணக்கில் அடங்கியுள்ளது எனலாம்.

எரிபொருள் வரி

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் எரிபொருளின் சில்லறை விலையில் பாதியோ அதற்கு மேலோ வரியாக இருந்து வந்துள்ளது. அமெரிக்காவில் நடுவண் அரசின் பெட்ரோல் வரி ஒரு கேலனுக்கு 18.4 சென்ட் என 1993 இல் நிறுவப்பட்டது. அதன் பின் அது உயர்த்தப்படவில்லை. இது லிட்டருக்கு ஐந்து சென்டுக்கும் குறைவாகும். ஐரோப்பிய வரிகள் காலநிலையை எண்ணி விதிக்கப்பட்டவை அல்ல. சாலை அமைக்கவும் அரசின் கருவூலத்தை நிரப்பவும், காலநிலைக் கொள்கை என்னும் சொற்றொடரே புழக்கத்துக்கு வராத காலத்திலேயே அவை ஏற்படுத்தப்பட்டன. ஆயினும், 2007 இல் வெளியான கட்டுரை ஒன்றில் இசுட்டெர்னர், கார்பன் வெளியீட்டைக் குறைப்பதில் அதுவரை நடைமுறைக்கு வந்த கொள்கைகளுள் எரிபொருள் வரியே மிகுந்த ஆற்றல் வாய்ந்தது என வாதிட்டார். இவ்வரிகள் இல்லாதிருந்தால் ஐரோப்பாவின் எரிபொருள் நுகர்வு பெரிதும் கூடுதலாக இருந்திருக்கும் என்பது அவர் கருத்து.

சுவீடன் 1991 இல் கார்பன் வரியை அறிமுகப்படுத்தியது. தொடக்கத்தில் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு 250 குரோனராக இருந்த வரி 2019 இல் 1,180 குரோனரை எட்டியது. யூலியசு ஆண்டர்சன் 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, கார்பன் வரியும் எரிபொருள் மீதான மதிப்புக்கூட்டு வரியும் சேர்ந்து அந்நாட்டின் போக்குவரத்து வெளியீட்டைச் சராசரி ஆண்டொன்றில் ஏறத்தாழ 11 விழுக்காடு குறைத்துள்ளன. இதில் கார்பன் வரியின் பங்கு மட்டும் ஏறத்தாழ 6 விழுக்காடு. இவ்வாய்வின் மற்றொரு முடிவு இன்னும் கவனத்துக்குரியது. சந்தை விலையேற்றத்துக்குக் காட்டும் எதிர்வினையைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எதிர்வினையை மக்கள் கார்பன் வரிக்குக் காட்டினர். சந்தை விலை ஏறினால் மீண்டும் இறங்கலாம். வரி இறங்காது என எண்ணியே அடுத்த ஊர்தியைத் தேர்ந்தெடுக்கின்றனர் என்பது இதற்குத் தரப்படும் விளக்கம்.

எதிர்ப்புகள்

வரி செயற்படும் என்பது ஒன்று. அதை மக்கள் ஏற்பது மற்றொன்று. ஐக்கிய இராச்சியத்தில் 1993 இல் எரிபொருள் வரி ஆண்டுதோறும் பணவீக்கத்துக்கு மேல் 3 விழுக்காடு உயரும் என்னும் ஏற்பாடு தொடங்கியது. பின்னர் அது 5 விழுக்காடாகவும் 6 விழுக்காடாகவும் கூட்டப்பட்டு 1999 இல் கைவிடப்பட்டது. 2000 செப்டம்பரில் உழவரும் சரக்குந்து ஓட்டுநரும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளை மறித்தபோது, சில நாள்களிலேயே நாட்டின் பெரும்பாலான எரிபொருள் நிலையங்கள் வறண்டன. 2011 முதல் பல ஆண்டுகளாக அந்நாட்டு அரசுகள் இவ்வரியை உயர்த்தாமல் விட்டதற்கு அந்த நாள்களின் நினைவும் ஒரு காரணம் ஆகும்.

பிரான்சில் 2014 இல் டன்னுக்கு 7 யூரோவாகத் தொடங்கிய கார்பன் வரி 2018 இல் 44.60 யூரோவாக உயர்ந்தது. 2022 இல் 86.20 யூரோவை எட்டுவதாகத் திட்டம் இருந்தது. 2018 நவம்பர் 17 அன்று சாலைச் சந்திப்புகளில் மஞ்சள் மேலங்கி அணிந்தோர் திரண்டனர். ஊர்தி ஓட்டுவோர் அனைவரும் சட்டப்படி உடன் வைத்திருக்க வேண்டிய அந்த மேலங்கியே இயக்கத்தின் பெயராயிற்று. பேருந்தோ தொடர்வண்டியோ இல்லாத சிற்றூர்களிலிருந்தும் புறநகர்களிலிருந்தும் வந்தவர்கள் அதில் மிகுதி. அடுத்த மாதமே வரி உயர்வு கைவிடப்பட்டது. அதே அரசு செல்வ வரியை அதற்கு முன்னரே நீக்கியிருந்தமை மக்கள் சினத்தை மேலும் கூட்டியது.

மானியத்தை நீக்குவதும் வரி விதிப்பதைப் போன்றே அரசியல் இடர் நிறைந்தது. நைசீரியாவில் 2012 சனவரியில் பெட்ரோல் மானியம் நீக்கப்பட்டதும் நாடு தழுவிய வேலைநிறுத்தம் வெடித்தது. அரசு ஒரு பகுதி மானியத்தை மீளக் கொண்டுவந்தது. 2023 மே மாதத்தில்தான் அது மீண்டும் விலக்கப்பட்டது. ஈரான் 2010 இறுதியில் விலையைப் பன்மடங்கு உயர்த்தியபோது, அதற்கு முன்னதாகவே குடும்பங்களின் வங்கிக் கணக்கில் ரொக்கத்தைச் செலுத்தியிருந்தது. பெரிய கலவரம் எதுவும் நிகழவில்லை. 2019 நவம்பரில் முன்னறிவிப்பு இன்றி விலை உயர்த்தப்பட்டபோது ஈரானில் நிகழ்ந்த எதிர்ப்புகளில் பலர் உயிரிழந்தனர்.

பளு யார் மீது விழுகிறது என்பதில் நாட்டுக்கு நாடு வேறுபாடு உண்டு. பணக்கார நாடுகளில், சிறப்பாக அமெரிக்காவில், எரிபொருள் வரி நடுத்தர, கீழ்நிலைக் குடும்பங்களின் வருமானத்தில் கூடுதல் பங்கைப் பிடிக்கிறது. வறிய நாடுகளில் கடைநிலை மக்களிடம் ஊர்தியே இல்லாததால் பெட்ரோல் வரியின் நேரடிப் பளு பெரும்பாலும் மேல்தட்டினர் மீதே விழுகிறது. இசுட்டெர்னர் பதிப்பித்து 2012 இல் வெளியான, பல நாடுகளை ஆராயும் நூல் ஒன்று இம்முடிவுக்கே வந்தது. டீசலின் நிலை இத்தகையது அன்று. பேருந்துக் கட்டணம் வழியாகவும் காய்கறி, அரிசி விலை வழியாகவும் அதன் வரி அனைவரையும் சென்றடைகிறது.

இந்தியா

இந்தியாவில் பெட்ரோலின் விலைக் கட்டுப்பாடு 2010 சூனில் நீக்கப்பட்டது. டீசலுக்கு மானியம் தொடர்ந்தது. உழவரையும் சரக்குப் போக்குவரத்தையும் காப்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது. விளைவு வேறாக இருந்தது. 2012 மே மாதத்தில் தில்லியில் பெட்ரோலின் விலை லிட்டருக்கு 73 ரூபாயைக் கடந்தபோது டீசல் 41 ரூபாய்க்குச் சற்றே குறைவாக விற்றது. வசதி படைத்தோர் டீசல் மகிழுந்துக்கு மாறினர். அக்காலத்தில் விற்ற புதிய மகிழுந்துகளில் ஏறத்தாழ பாதி டீசலில் ஓடுபவையாக இருந்தன. உழவருக்கென ஒதுக்கிய மானியத்தின் ஒரு பகுதி இவ்வாறு சொகுசு ஊர்திகளின் கலன்களுக்குச் சென்றது. 2013 சனவரி முதல் டீசல் விலை மாதந்தோறும் ஏறத்தாழ 50 காசு வீதம் உயர்த்தப்பட்டது. 2014 அக்டோபரில், உலகச் சந்தையில் எண்ணெய் விலை சரிந்து கொண்டிருந்த வேளையில், கட்டுப்பாடு முற்றிலும் நீக்கப்பட்டது. விலை இடைவெளி குறையக் குறைய டீசல் மகிழுந்துகளின் பங்கும் குறைந்தது. 2020 ஏப்ரலில் பாரத் நிலை 6 தரநிலை நடைமுறைக்கு வந்தபோது மாருதி சுசூக்கி டீசல் மகிழுந்து விற்பனையையே நிறுத்திக்கொண்டது. விலைக்கு மக்கள் செவிசாய்ப்பதில்லை என்போருக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி காண்பது அரிது.

எண்ணெய் விலை சரிந்த 2014 நவம்பருக்கும் 2016 சனவரிக்கும் இடையில் நடுவண் அரசு ஒன்பது முறை கலால் வரியை உயர்த்தியது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 11.77 ரூபாயும் டீசலுக்கு 13.47 ரூபாயும் கூடின. 2020 மே மாதத்தில் பெருந்தொற்றால் எண்ணெய் விலை மீண்டும் வீழ்ந்தபோது கலால் வரி பெட்ரோலுக்கு 32.98 ரூபாய் என்னும் உச்சத்தை அடைந்தது. இதை ஒரு கார்பன் வரியாகக் கருதிக் கணக்கிட்டால் ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு ஏறத்தாழ 14,000 ரூபாய் ஆகும். அதே காலத்தில் நிலக்கரி மீது இருந்த தீர்வை ஒரு டன் நிலக்கரிக்கு 400 ரூபாய் மட்டுமே. ஒரு டன் நிலக்கரி எரிந்தால் ஒரு டன்னுக்கும் மேற்பட்ட கார்பன் டை ஆக்சைடு வெளியாகும். அவ்வகையில் இந்தியா தன்னை அறியாமலேயே ஒரு துறையில் கடுமையான கார்பன் வரியையும் மற்றொரு துறையில் பெயரளவுக்கான வரியையும் விதித்து வந்தது எனலாம். கலால் வரி 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் குறைக்கப்பட்டது.

மாநில அரசுகள் தனியே விற்பனை வரி விதிக்கின்றன. 2017 இல் வந்த சரக்கு மற்றும் சேவை வரிக்குள் பெட்ரோலும் டீசலும் சேர்க்கப்படவில்லை. மாநிலங்கள் தம் கையில் எஞ்சியிருந்த பெரிய வரியை விட்டுக்கொடுக்க முன்வராததே காரணம். தமிழ்நாடு அரசு 2021 ஆகத்தில் பெட்ரோல் வரியை லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தது. இருசக்கர வண்டியை நம்பியுள்ள உழைக்கும் மக்களின் சுமையைக் குறைப்பதற்காகவே அது எனக் கூறப்பட்டது. இக்கூற்றுக்கு அடிப்படை உண்டு. பெட்ரோலியத் திட்டமிடல் மற்றும் பகுப்பாய்வுப் பிரிவுக்காக நடத்தப்பட்டு 2014 இல் வெளியான ஆய்வின்படி இந்தியாவில் விற்கும் பெட்ரோலில் ஏறத்தாழ 61 விழுக்காட்டை இருசக்கர வண்டிகளே நுகர்கின்றன.

2017 சூன் முதல் விலை நாள்தோறும் சந்தைக்கேற்ப மாற்றப்படும் என அறிவிக்கப்பட்டிருந்தது. ஆயினும் ஐந்து மாநிலத் தேர்தல்கள் நடந்த வேளையில், 2021 நவம்பர் தொடக்கத்திலிருந்து 2022 மார்ச்சு 22 வரை, எண்ணெய் விலை கடுமையாக ஏறியபோதும் சில்லறை விலை அசையவில்லை.

இத்தனை வரிகளுக்குப் பின்னரும் நுகர்வு உயர்ந்தே வந்துள்ளது. 2014–15 நிதியாண்டில் ஏறத்தாழ 1.9 கோடி டன்னாக இருந்த பெட்ரோல் நுகர்வு 2023–24 இல் 3.7 கோடி டன்னைத் தாண்டியது. டீசல் 6.9 கோடி டன்னிலிருந்து ஏறத்தாழ 9 கோடி டன்னாக உயர்ந்தது. மேற்கூறிய வருமான நெகிழ்ச்சியே இதன் முதன்மை விளக்கம். சரக்குப் போக்குவரத்தின் இடமாற்றம் மற்றொன்று. விடுதலைக்குப் பிந்திய முதல் ஆண்டுகளில் நாட்டின் சரக்கில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் தொடர்வண்டியில் சென்றது. இந்த நூற்றாண்டில் அப்பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டிச் சுருங்கிவிட்டது. ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டு செல்லத் தொடர்வண்டிக்குத் தேவைப்படும் ஆற்றல் சரக்குந்துக்குத் தேவைப்படுவதில் ஒரு சிறு பகுதியே ஆகும்.

திறன் தரநிலைகளும் எதிர்விளைவும்

வரியைத் தவிர்க்க விரும்பும் அரசுகள் ஊர்தி உற்பத்தியாளர்களுக்குத் திறன் தரநிலை விதிக்கின்றன. அமெரிக்கா 1975 இல் இயற்றிய சட்டம் மகிழுந்துகளின் சராசரித் திறன் 1985 க்குள் ஒரு கேலனுக்கு 27.5 மைல், அதாவது லிட்டருக்கு ஏறத்தாழ 11.7 கிலோமீட்டர், என உயர வேண்டும் என்றது. இலகு சரக்குந்துகளுக்குத் தளர்வான தரம் வைக்கப்பட்டது. சரக்குந்துச் சட்டத்தின் மீது கட்டப்பட்ட பெரிய பயணியர் ஊர்திகள் இவ்விடைவெளி வழியே சந்தைக்குள் நுழைந்தன. 1975 இல் புதிய விற்பனையில் ஐந்தில் ஒரு பங்காக இருந்த இவ்வகை பின்னர் பாதியைக் கடந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் தரநிலைகளில் வேறொரு குறை வெளிப்பட்டது. ஆய்வகச் சோதனையில் பதிவான நுகர்வுக்கும் சாலையில் உண்மையாக ஆகும் நுகர்வுக்கும் உள்ள இடைவெளி 2001 இல் ஏறத்தாழ 9 விழுக்காடாக இருந்து 2015 அளவில் ஏறத்தாழ 40 விழுக்காட்டை எட்டியது. இந்தியாவில் புதிய மகிழுந்துகளுக்கான கார்பன் வரம்பு 2017 முதல் கிலோமீட்டருக்கு 130 கிராமை ஒட்டியும், 2022 முதல் 113 கிராமை ஒட்டியும் அமைக்கப்பட்டது.

ஊர்தியின் திறன் கூடினால் ஒரு கிலோமீட்டர் ஓட்டும் செலவு குறைகிறது. எனவே மக்கள் சற்று அதிகமாக ஓட்டுகின்றனர். இதை எதிர்விளைவு என்பர். நீராவி இயந்திரங்களின் திறன் கூடியபோது நிலக்கரி நுகர்வும் கூடியதை வில்லியம் ஸ்டான்லி செவோன்சு 1865 இலேயே சுட்டிக்காட்டினார். மகிழுந்துகளில் இவ்விளைவு அந்த அளவுக்கு இல்லை. 1966–2001 கால அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்த கென்னத் இசுமால், கர்ட் வான் டெண்டர் ஆகியோர் சேமிப்பில் குறுங்காலத்தில் ஏறத்தாழ 4.5 விழுக்காடும், நீண்ட காலத்தில் 22 விழுக்காடும் இவ்வாறு இழக்கப்படுவதாகக் கண்டனர். வருமானம் உயர உயர இவ்விழப்பு குறைவதையும் அவர்கள் காட்டினர்.

அளவுக் கட்டுப்பாடு

விலைக்குப் பதிலாக அளவை வரையறுக்கும் முறையும் உண்டு. இலங்கையில் 2022 இல் அந்நியச் செலாவணி வற்றியபோது, தேசிய எரிபொருள் அனுமதி அட்டையின் விரைவுத் துலங்கல் குறியீட்டைக் காட்டி வாராந்தப் பங்கை மட்டும் பெறும் முறை கொண்டுவரப்பட்டது. எரிபொருள் நிலைய வரிசைகளில் நாள்கணக்கில் காத்திருப்பது அதனால் குறைந்தது. இது நெருக்கடிக் கால ஏற்பாடே அன்றிக் காலநிலைக் கொள்கை அன்று. சாலையின் பயன்பாட்டுக்கே கட்டணம் விதிக்கும் முறை சிங்கப்பூரில் 1975 இலும், இலண்டனில் 2003 இலும், இசுட்டாக்கோமில் 2006 ஆம் ஆண்டுச் சோதனையைத் தொடர்ந்து 2007 இலும் தொடங்கியது.

உயிரி எரிபொருள்

பிரேசில் 1975 இல் கரும்பு எத்தனால் திட்டத்தைத் தொடங்கியது. இந்தியா 2022 இல் 10 விழுக்காட்டுக் கலப்பையும் 2025 இல் 20 விழுக்காட்டுக் கலப்பையும் எட்டியது. ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள ஆற்றல் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதால், லிட்டர்க் கணக்கில் பார்க்கும்போது தேவை சற்றுக் கூடும். கரும்புக்கும் நெல்லுக்கும் ஆகும் நீரையும் நிலத்தையும் கணக்கில் சேர்த்தால் காலநிலைப் பயன் எவ்வளவு மிஞ்சும் என்பது பற்றி அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

மின்னூர்திகளும் வரி வருவாயும்

நார்வேயில் 2024 ஆம் ஆண்டு விற்ற புதிய மகிழுந்துகளில் பத்தில் ஏறத்தாழ ஒன்பது மின்கலத்தில் ஓடுபவை. சீனாவில் அதே ஆண்டு ஏறத்தாழ பாதி, செருகு கலப்பின வகையும் சேர்த்து, மின்னேற்றம் செய்யக்கூடியவை. வரி அமைப்பே இதற்கு வழி வகுத்தது. நார்வே, எரிபொருளில் ஓடும் மகிழுந்துகளுக்குக் கடும் கொள்முதல் வரி விதித்து, மின்னூர்திகளுக்கு நெடுங்காலம் விலக்களித்தது. மின்னூர்திகள் பெருகிய இடங்களில் எரிபொருளின் தேவை விலைக்கு மேலும் நெகிழ்வாக மாறக்கூடும். முன்பு இல்லாத மாற்று இப்போது விற்பனையகத்திலேயே கிடைக்கிறது.

எரிபொருள் வரி தன் வெற்றியாலேயே வறண்டு போகும் வரி ஆகும். பெட்ரோல் வாங்காதவரும் சாலையைத் தேய்க்கின்றனர், நெரிசலில் பங்கு கொள்கின்றனர். ஐசுலாந்து 2024 சனவரி முதல் மின்னூர்திகளுக்கு ஓடும் கிலோமீட்டர் கணக்கில் கட்டணம் விதித்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நியூசிலாந்தும் அதுவரை விலக்குப் பெற்றிருந்த மின்னூர்திகளைச் சாலைப் பயன்பாட்டுக் கட்டணத்துக்குள் கொண்டுவந்தது.